கெடு தாண்டிய பிறகும் கதவு திறக்குமா? ஸ்டெர்லிங் ஜெனரல் – பிளான்டர்ஸ் ஏர்வேஸ் வழக்கு

பஞ்சுக் கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் சில காலம் முன்பு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தார். பையில் தீயணைப்புத் துறை கொடுத்த சான்று, சர்வேயர் அறிக்கையின் நகல், கருகிய பேல்களின் படங்கள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பக்கக் கடிதம். கிளெய்மை நிராகரித்து இன்சூரன்ஸ் கம்பெனி எழுதியது. முதலில் தேதியைத்தான் பார்த்தேன். பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"இவ்வளவு நாள் என்ன செஞ்சீங்க?"

"பேசிக்கிட்டுதான் சார் இருந்தோம். ரீஜனல் ஆபீஸ்ல ஃபைலைத் திரும்பப் பார்க்கறோம்னு சொன்னாங்க. நாலு லெட்டர் போட்டிருக்கேன், பாருங்க."

நாலு கடிதமும் இருந்தது. பாலிசி மட்டும் இல்லை. மறுநாள் கொண்டுவந்தார். அதில் பொடி எழுத்தில் இருந்த நிபந்தனைகளுக்குள் நாம் பார்க்க வேண்டிய பத்தி உட்கார்ந்திருந்தது. சாரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நட்டம் நேர்ந்த நாளிலிருந்து 12 மாதம் கழிந்துவிட்டால், அந்த கிளெய்ம் வழக்கிலோ ஆர்பிட்ரேஷனிலோ (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவரை வைத்துத் தகராறைத் தீர்த்துக்கொள்வது) நிலுவையில் இருந்தாலொழிய கம்பெனிக்கு எந்தப் பொறுப்பும் கிடையாது, கம்பெனி பொறுப்பை மறுத்து, மறுத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் மேல்நடவடிக்கை எடுக்கப்படாவிட்டால், கிளெய்ம் கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும்.

'கைவிடப்பட்டது' என்ற சொல்லைக் கவனியுங்கள். நாலு கடிதம் எழுதி, வாரம் ஒருமுறை போன் போட்டு, ரீஜனல் ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்த மனிதர் தன் கிளெய்மைக் கைவிட்டுவிட்டார் என்கிறது அந்தக் காகிதம். இப்படிக் கெடு தாண்டியவருக்கு நீதிமன்றம் கால அவகாசம் நீட்டிக் கொடுக்குமா என்ற கேள்விக்கு இந்திய உச்ச நீதிமன்றம் சொன்ன முக்கியமான பதில், 1975ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான ஸ்டெர்லிங் ஜெனரல் இன்சூரன்ஸ் – பிளான்டர்ஸ் ஏர்வேஸ் வழக்கில் இருக்கிறது. ஐம்பது வருஷத் தீர்ப்பு. இன்றைக்கும் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறோம். ஆனால் எடுத்துக் காட்டுவதற்கு முன்னால் பாலிசியில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும். அது எது என்று பின்னால் வருகிறேன்.

இந்த மாதிரிக் கெடு எப்படிச் செல்லுபடியானது என்பதிலிருந்து தொடங்கலாம். ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் பழைய தூண்களில் இன்சூரன்ஸ் தகராறுகள் நிறைய. 1856இல், அந்நாளில் அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை முடித்துவைத்த ஸ்காட் – ஏவரி வழக்கே கப்பல் இன்சூரன்ஸ் சண்டைதான். நடுவர் தீர்ப்பு வந்த பிறகே வழக்குப் போடலாம் என்று ஒப்பந்தம் சொன்னால் அது செல்லும் என்றது அந்தத் தீர்ப்பு. அப்புறம் 1922இல், அட்லான்டிக் ஷிப்பிங் – லூயி டிரைஃபஸ் வழக்கில், மூன்று மாதத்துக்குள் உரிமை கோரி நடுவரையும் நியமிக்காவிட்டால் கிளெய்ம் போச்சு என்ற ஷரத்தும் செல்லும் என்று அதே சபை சொன்னது. மூன்றே மாதம். கப்பல் சரக்கை இறக்கி, கணக்குப் பார்த்து, ஏஜெண்டுக்கு எழுதிப் பதில் வாங்குவதற்குள் அது ஓடிவிடும்.

இது கொடுமையாகத் தெரிந்ததால்தான் 1934இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் நீதிமன்றத்துக்கு ஒரு அதிகாரம் கொடுத்தது. கெடு முடிந்திருந்தாலும், நீட்டாவிட்டால் 'தகாத கஷ்டம்' நேரும் என்று நீதிமன்றம் கருதினால், நீட்டலாம். பிறகு அது 1950ஆம் ஆண்டுச் சட்டத்தின் 27ஆம் பிரிவாயிற்று. இந்தியாவில் அதே வாசகம் 1940ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தில் 37(4) என்ற எண்ணோடு வந்தது. இப்போதிருக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது 43(3). எண் மாறியது, உள்ளே இருக்கும் சொற்கள் கிட்டத்தட்ட அப்படியே இருக்கின்றன. பழைய சட்டத்தின் கீழ் வந்த ஸ்டெர்லிங் தீர்ப்பு புதிய சட்டத்துக்கும் பொருந்துவது அதனால்தான்.

வழக்கின் நடப்பு எளிது. பிளான்டர்ஸ் ஏர்வேஸ் பாலிசி எடுத்திருந்தது. நட்டம் வந்தது, கிளெய்ம் எழுந்தது, தகராறாயிற்று. ஷரத்து சொன்ன காலத்துக்குள் ஆர்பிட்ரேஷன் தொடங்கப்படவில்லை. கம்பெனி கெடுவைக் காட்டியது. பாலிசிதாரர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் 37(4)இன் கீழ் மனுப் போட்டார். அங்கே கால அவகாசம் கிடைத்தது. கம்பெனி விடாமல் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. நீதிபதி கே. கே. மேத்யூ தீர்ப்பை எழுதினார். கம்பெனி தோற்றது.

தீர்ப்பின் எடை முழுவதும் 'தகாத' என்ற ஒரு சொல்லின் மேல் நிற்கிறது. அதற்கு முன்பு இங்கிலாந்தில் சில நீதிமன்றங்கள் இதை ரொம்பக் குறுக்கிப் படித்தன. கெடு தெரிந்தும் கவனக்குறைவாக இருந்தவனுக்கு வரும் கஷ்டம் அவனே தேடிக்கொண்டது, அதில் தகாதது என்ன இருக்கிறது என்ற தோரணை. அந்தக் குறுகிய பார்வை வேண்டாம், தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றார் மேத்யூ. கஷ்டம் என்பது கெடு தவறினாலே வரும், கிளெய்ம் போகிறதல்லவா. அந்தக் கஷ்டம் பாலிசிதாரரின் நடத்தைக்குத் தகுந்ததா, அல்லது அவர் செய்த தப்புக்குச் சற்றும் ஒவ்வாத அளவில் பெரிதா என்பதே கேள்வி. தப்பு சின்னது, இழப்பு பெரிது என்றால் அது தகாத கஷ்டம். அவர் பக்கம் தப்பே இல்லாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இந்தப் பார்வைக்கு முன்னோடி 1967இல் லண்டனில் வந்த பெகாசஸ் கப்பல் வழக்கு. கப்பல்காரர்கள் மூன்று மாதக் கெடுவை ஒன்பது நாள் தாண்டிவிட்டார்கள். ஏன் தாண்டினார்கள்? எதிர்த்தரப்போடு பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று இருந்துவிட்டார்கள். ஒன்பது நாளில் எதிர்த்தரப்புக்கு ஒரு பாதகமும் இல்லை. கேட்ட தொகையோ பல்லாயிரம் பவுண்டு. நீதிபதி டென்னிங் பிரபு அவகாசம் கொடுத்தார். பின்னால் 1977இல் பிராண்டன் என்ற நீதிபதி இதையெல்லாம் வைத்து எதை எதை எடைபோட வேண்டும் என்று வரிசைப்படுத்தினார்: தாமதம் எத்தனை நாள், தொகை எவ்வளவு, தப்பு யாருடையது, அது எவ்வளவு பெரியது, எதிர்த்தரப்பு ஏதாவது சொல்லி ஏமாற்றியதா, அவகாசம் கொடுத்தால் எதிர்த்தரப்புக்கு என்ன நட்டம்.

நம் ஊர் வக்கீல்களில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். 43(3) மனுவைத் தாமத மன்னிப்பு மனு மாதிரி எழுதிவிடுகிறார்கள். வழக்கமான தாமத மன்னிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்ல வேண்டும் என்று பழகிப்போய், மேனேஜருக்கு மஞ்சள் காமாலை, குமாஸ்தா ஃபைலை மாற்றி வைத்துவிட்டார், உறவில் ஒரு சாவு என்று நான்கு பக்கம் போகும். தொகை எவ்வளவு, அது போனால் தொழில் என்னாகும், கம்பெனிக்கு இதனால் என்ன கெட்டுப்போகும் என்பதற்கு ஒரு பத்தி கூட இருக்காது. இந்தப் பிரிவில் 'போதிய காரணம்' என்ற சொல்லே கிடையாது. காரணமும் பார்ப்பார்கள், ஆனால் அது தராசில் ஒரு கல்தான்.

கம்பெனிக்கு வரும் பாதகம் என்ற கல்லைத் தீ கிளெய்மில் தூக்கிப் பாருங்கள். நெருப்பு அணைந்த ஓரிரு நாளில் சர்வேயர் வந்துவிடுகிறார். படம் எடுக்கிறார், ஸ்டாக் ரிஜிஸ்டரையும் வங்கிக்குக் கொடுத்த மாத இருப்புக் கணக்கையும் வாங்கிக்கொண்டு போகிறார், மிச்சப்பட்ட சரக்குக்கு விலை போடுகிறார். கம்பெனி கேட்டால் தடயவியல் அறிக்கையும் வரும். அத்தனையும் கம்பெனி ஃபைலில் பத்திரமாக இருக்கிறது. பாலிசிதாரர் ஆறு மாதம் பிந்தி வந்ததால் சாட்சியம் அழிந்துவிட்டது என்று சொல்ல அங்கே அதிகம் இடமில்லை. மனுதாரர் பக்கத்து வாதத்தில் இதைவிட வலுவான பத்தி கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் மனுக்களில் இதைத்தான் அரிதாகப் பார்க்கிறேன்.

மனு எங்கே போடுவது என்பதிலும் குழப்பம் உண்டு. நடுவருக்கு இந்த அதிகாரம் இல்லை. நடுவரை நியமிக்கக் கேட்டு 11ஆம் பிரிவில் போகிற மனுவும் இது அல்ல. சட்டம் 'நீதிமன்றம்' என்று வரையறுத்திருக்கிற இடம், அதாவது மாவட்ட முதன்மைச் சிவில் நீதிமன்றம் அல்லது சென்னை மாதிரி மூல வழக்கு அதிகாரமுள்ள உயர் நீதிமன்றம், அங்கே போக வேண்டும். கெடு முடிந்துவிட்டது என்பது மனுவுக்குத் தடை அல்ல. முடிந்தவர்களுக்காகவே எழுதின பிரிவு இது. அவகாசம் கொடுக்கும்போது செலவுத்தொகை கட்டு, இத்தனை நாளில் நோட்டீஸ் அனுப்பு என்று நிபந்தனை போடலாம். ஆர்பிட்ரேஷன் தொடங்கிய நாள் எது என்றால், நடுவர் வேண்டும் என்ற கோரிக்கை எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்த நாள். தபாலில் போட்ட நாள் கணக்கில் வராது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது பதிவுத் தபால் அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சரி, ஆர்பிட்ரேஷன் இல்லாமல் நேராக வழக்குப் போட்டவர்கள் கதை என்ன? அங்கே நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. நேஷனல் இன்சூரன்ஸ் – சுஜீர் கணேஷ் நாயக் வழக்கில் 1997இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கலவரம், வேலைநிறுத்தம் ஆகியவற்றால் வரும் நட்டத்துக்கு எடுத்த பாலிசி. அதே 12 மாத ஷரத்து. வழக்குப் போடும் காலத்தைச் சுருக்கினால் ஒப்பந்தச் சட்டம் 28ஆம் பிரிவின்படி செல்லாது. ஆனால் காலம் கழிந்தால் உரிமையே அற்றுப்போகும் என்று எழுதினால் செல்லும் என்பது அந்த வழிமுறை. முதலாவது கதவைப் பூட்டுவது, இரண்டாவது வீட்டையே இடித்துவிடுவது. பூட்டக்கூடாது, இடிக்கலாம் என்று சட்டம் சொன்னது. பம்பாய் உயர் நீதிமன்றம் பரோடா ஸ்பின்னிங் வழக்கில் 1914 வாக்கிலேயே இன்சூரன்ஸ் ஷரத்து ஒன்றுக்கு இந்தப் பிரிவினையைப் போட்டுவிட்டது. அது அப்படியே எண்பது வருஷம் ஓடியது.

ஆக, ஆர்பிட்ரேஷனுக்குப் பிந்தி வந்தவருக்கு 37(4) என்ற கருணை உண்டு, நீதிமன்றத்துக்குப் பிந்தி வந்தவருக்கு அதுவும் இல்லை. சட்ட ஆணையம் 1984இல் தன் 97ஆவது அறிக்கையில் இந்தப் பிரிவினை நியாயமில்லை, 28ஐத் திருத்துங்கள் என்றது. திருத்தம் 1997 ஜனவரி 8 முதல் நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட காலம் முடிந்ததும் உரிமையை ஒழிக்கிற ஷரத்தும், எதிர்த்தரப்பைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கிற ஷரத்தும் அந்த அளவுக்குச் செல்லாது. இந்தத் திருத்தம் பழைய ஒப்பந்தங்களுக்குப் பின்னோக்கிப் பாயாது என்று 2016இல் இண்டஸ்இண்ட் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. சுஜீர் தீர்ப்பு வந்தது திருத்தத்துக்குப் பிறகு, ஆனால் பாலிசி பழையது. இதைக் கவனிக்காமல் இன்னும் சில கம்பெனிகளின் எதிருரையில் சுஜீர் கணேஷ் நாயக்கை அப்படியே தூக்கிப் போடுகிறார்கள்.

அப்படியானால் 12 மாத ஷரத்தே செல்லாதபோது 43(3) எதற்கு? நல்ல கேள்வி. நேரடியாகச் சொன்னால், 1997க்குப் பிந்தைய பாலிசியில் உரிமையை அழிக்கும் ஷரத்தை 28ஐக் காட்டியே வீழ்த்தலாம், நீட்டிப்பு கேட்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. ஆனாலும் நாடாளுமன்றம் 43(3)ஐ எடுக்கவில்லை. என் வழக்கம், 28ஐ முதல் வாதமாக வைத்து, 'அப்படியே செல்லும் என்று வைத்துக்கொண்டாலும்' என்று தொடங்கி 43(3)ஐ மாற்று வாதமாக வைப்பது. இடுப்பில் அரைஞாணும் இருக்கட்டும், பெல்ட்டும் இருக்கட்டும்.

ஆரம்பத்தில் ஒரு சொல்லைப் பார்க்க வேண்டும் என்றேனே, அது இதுதான். பழைய மோட்டார் பாலிசிகளில், பொறுப்பை மறுத்த 12 மாதத்துக்குள் 'ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பாவிட்டால்' என்று இருக்கும். தீ பாலிசிகளில் அதே இடத்தில் 'நீதிமன்றத்தில் வழக்காகப் போடாவிட்டால்' என்று இருக்கும். ஒரே கெடு, ஒரே மிரட்டல், ஆனால் 43(3) கைகொடுப்பது முதலாவதில் மட்டும். ஆர்பிட்ரேஷனைத் தொடங்கும் காலத்தைத்தான் அந்தப் பிரிவு நீட்டும். வழக்குப் போடும் காலத்தை நீட்டாது. கம்பெனிகள் இதைத் திட்டம்போட்டு மாற்றினார்களா என்று சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஆர்பிட்ரேஷன் ஷரத்தும் கூடவே சுருங்கிவிட்டது. தொகை எவ்வளவு என்பதில் மட்டும் தகராறு என்றால்தான் நடுவர். பொறுப்பையே ஏற்கவில்லை என்றால் நடுவர் கிடையாது.

இந்தச் சுருக்கத்தின் விளைவு 2018இல் தெரிந்தது. ஒடிசாவில் தேன்கனல் பக்கம் நர்பேராம் பவர் அண்ட் ஸ்டீல் என்ற ஆலை. 2013 அக்டோபரில் ஃபைலின் புயல் அடித்தது. கேட்டது 3.93 கோடி ரூபாய் சொச்சம். கம்பெனி முழுப் பொறுப்பையும் மறுத்தது. ஒடிசா உயர் நீதிமன்றம் நடுவரை நியமித்தது. உச்ச நீதிமன்றம் மே மாதம் அதை ரத்து செய்தது. ஷரத்தைக் கண்டிப்பாகத்தான் படிக்க வேண்டும், பொறுப்பை மறுத்துவிட்டால் ஆர்பிட்ரேஷனே இல்லை என்றது. ஒரு சின்ன இரக்கம் காட்டியது: இரண்டு மாதத்துக்குள் சிவில் வழக்குப் போட்டால், தவறான மன்றத்தில் கழிந்த காலத்தைக் காலவரம்புச் சட்டம் 14ஆம் பிரிவில் கழித்துக்கொள்ளலாம்.

அதே வருஷம் ஆகஸ்டில் இன்னொன்று. கோட்டாவில் சம்பல் ஆற்றின் மேல் கட்டிக்கொண்டிருந்த பாலம் 2009 டிசம்பர் 24 அன்று சரிந்து 48 பேர் இறந்தார்கள். ஒப்பந்தக்காரர் ஹூண்டாய் இன்ஜினியரிங், பாலிசி கொடுத்தது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா. கேட்டது சுமார் 151 கோடி. சென்னை உயர் நீதிமன்றம் நடுவரை நியமிக்க, உச்ச நீதிமன்றம் நர்பேராமைக் காட்டி அதையும் ரத்து செய்தது. இப்படி நடுவரிடமே போக முடியாத கிளெய்முக்கு நடுவரிடம் போகும் காலத்தை நீட்டிக் கொடுத்து என்ன பயன்?

2023 அக்டோபரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் இதில் கை வைத்தது. சில்லறைப் பாலிசிகளில் ஆர்பிட்ரேஷன் ஷரத்து போயிற்று. வணிகப் பாலிசிகளில் இரு தரப்பும் மனமொத்துத் தனி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் எந்தத் தகராறையும் நடுவரிடம் கொண்டுபோகலாம். கிளெய்ம் வந்த பிறகு கம்பெனி மனமொத்துக் கையெழுத்துப் போடும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு என் வாழ்த்துகள்.

இங்கிலாந்தும் நம்மைவிட்டு வேறு பாதையில் போய்விட்டது. அங்கே 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு 'தகாத கஷ்டம்' என்ற சொல்லையே கழற்றிவிட்டது. இப்போது இரண்டே வழி: ஒப்பந்தம் போட்டபோது இருவரும் நினைத்தும் பார்த்திருக்க முடியாத சூழ்நிலை வந்து, நீட்டுவது நியாயமாகவும் இருக்க வேண்டும், இல்லையேல் எதிர்த்தரப்பின் நடத்தையால், கெடுவை அப்படியே பிடித்துக்கொள்வது அநீதி ஆக வேண்டும். மறதி, அலட்சியம் எதுவும் இதில் நுழையாது. இதையும் தாண்டி ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி அவகாசம் வாங்கியது 2018இல். ஹேவன், எலிஃபன்ட் என்ற இரண்டு மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனிகள். விபத்துப் பணத்தை யார் கட்டுவது என்பது சண்டை. அந்தக் கம்பெனிகளின் பொது அமைப்பான மோட்டார் இன்சூரர்ஸ் பீரோவின் குழு முடிவெடுத்தது. அதை எதிர்த்து ஆர்பிட்ரேஷன் போக 30 நாள். எந்த நாளிலிருந்து எண்ணுவது? கூட்டக் குறிப்பு உறுதிசெய்யப்பட்ட நாளிலிருந்து என்பது பீரோவின் வழக்கம். ஹேவன் அதை நம்பியது. விதிகளைச் சரியாகப் படித்தால் அதற்கு முன்பே கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. விதியை வைத்திருக்கும் அமைப்பே விதிக்கு மாறாக எண்ணும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது என்பதால் அவகாசம் கிடைத்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. மற்றவர்களுக்குக் கெடு வைத்தே பிழைக்கும் கம்பெனி, தனக்குக் கெடு தவறியபோது நீதிமன்றத்தில் நின்று அவகாசம் கேட்டதைப் படிக்கையில் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

கிடங்குக்காரரின் பாலிசிக்கு வருவோம். 2023க்கு முந்தியது. தொகைத் தகராறுக்கு மட்டும் நடுவர். கம்பெனியோ பொறுப்பையே மறுத்துவிட்டது. கெடுப் பத்தியில் 'நீதிமன்றத்தில் வழக்காக' என்றே இருந்தது. ஆக, ஸ்டெர்லிங் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டும் 43(3) மனுவுக்கு வழியில்லை. காலவரம்புச் சட்டத்தின் 44(பி) இனத்தில் மறுத்த நாளிலிருந்து மூன்று வருஷம் உண்டு. அதில் பதினான்கு மாதம்தான் போயிருந்தது. இன்சூரன்ஸ் தகராறு வணிகத் தகராறு என்பதால் முதலில் சமரச மையத்துக்கு விண்ணப்பம். கம்பெனி வரவில்லை. பேச்சு தொடங்கவே இல்லை என்று சான்று வாங்கிக்கொண்டு வணிக நீதிமன்றத்தில் வழக்கைப் போட்டோம்.

எதிருரை வந்தது. முதல் பக்கத்திலேயே 12 மாத ஷரத்து, கூடவே சுஜீர் கணேஷ் நாயக். மறுமொழியில் பாலிசித் தேதியையும் 1997 திருத்தத்தையும் எழுதினோம். அந்த நாலு கடிதங்களையும் ஆவணமாகப் போட்டிருக்கிறோம். அவர் வாய்தாவுக்கு வாய்தா வருகிறார். அதே பிளாஸ்டிக் பைதான், பாலிசியின் ஒரு நகல் இப்போது அதற்குள்ளேயே இருக்கிறது.